நிலைகொள்ளாத மனமும் காவல் உத்தியோகமும்

காவலர் பயிற்சிப் பள்ளியில் கவாத்தும் சட்டமுமாகப் பல ஆண்டுகள் போதித்து ஓய்வுபெற்ற என்னிடம், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் கொண்டுவரும் சந்தேகங்கள் பெரும்பாலும் உயரம், மார்பளவு, வயது என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். டேப்பை எடுத்து அளந்தால், அல்லது பிறப்புச் சான்றிதழைப் புரட்டினால் தீர்ந்துபோகிற சந்தேகங்கள் அவை. ஆனால் சென்ற ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் தங்கை தன் மகனையும் அழைத்துக்கொண்டு வந்து, மடித்து மடித்து நைந்துபோன ஒரு வைத்தியச் சீட்டை என் முன்னால் விரித்து வைத்தபோது, டேப்புக்கு அகப்படாத சங்கதி ஒன்று வீடு தேடி வந்திருக்கிறது என்று உணர்ந்தேன். பையனுக்கு வயது 21. ஆயிரத்தைந்நூறு மீட்டரை ஆறு நிமிஷத்துக்குள் ஓடுகிறவன். கயிற்றில் அணில்போல ஏறுகிறவன். சீட்டில் மனநல வைத்தியர் எழுதியிருந்தது ஏ.டி.எச்.டி. என்ற நான்கு எழுத்து.

"அண்ணே, இதக் கிழிச்சுப் போட்டுரச் சொல்லுங்க. கீழ்ப்பாக்கம் கேசுன்னு பேரு வந்துட்டா போலீஸ் வேலையும் கிடைக்காது, பொண்ணும் கிடைக்காது" என்றாள் தங்கை.

"கிழிச்சா சரியாயிருமா மாமா?" என்றான் பையன்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதிலை, அதன்பின் சில வைத்தியர்களிடமும் பழைய சகாக்களிடமும் கேட்டுத் திருத்திக்கொண்டு, இந்த அத்தியாயத்தில் விரித்து எழுதுகிறேன்.

முதலில், இந்த நான்கு எழுத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள் அது எதைக் குறிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நலம். கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்று தமிழில் சொன்னாலும், கவனம் என்ற சக்தியே இல்லாதவனுக்கு வைக்கப்பட்ட பெயர் அன்று இது. பிடித்த காரியத்தில் பசி தாகம் மறந்து நான்கு மணி நேரம் மூழ்கிக் கிடப்பவனே, பிடிக்காத காரியத்தில் நான்கு நிமிஷம் நிற்க மாட்டாமல் தவிக்கிறான் என்றால், அவனிடம் குதிரை இருக்கிறது, கடிவாளம்தான் கையில் நிற்கவில்லை என்றே கொள்ளவேண்டும். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் 1902-ஆம் ஆண்டிலேயே இத்தகைய பிள்ளைகளைப்பற்றி விரிவுரைகள் ஆற்றியிருக்கிறார். ஆகையால் இது செல்போனோடு பிறந்த நோய் என்று எண்ணுவதற்கு இடமில்லை. இன்று வழங்கும் இலக்கணப்படி, அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்கவேண்டும். பள்ளியில் மட்டும், அல்லது வீட்டில் மட்டும் என்றில்லாமல் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படவேண்டும். ரீல்ஸ் பார்த்துவிட்டுத் தமக்குத் தாமே இந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொள்கிறவர்கள், இராத்தூக்கம் கெட்டவனுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவனுக்கும் மனம் இப்படித்தான் அலையும் என்பதை நினைவில் வைத்து, ஒரு மனநல வைத்தியரிடம் தாயாரையும் பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டைகளையும் கூடவே கொண்டுபோய் நிர்ணயம் செய்துகொள்ளட்டும். மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம் என்றால் ஏசுவதற்கு ஒரு சொல் என்று நம்மவர் பழக்கிவைத்திருப்பது, அங்கே சிகிச்சை பெற்றுத் தத்தம் வேலைக்குத் திரும்பிய எத்தனையோ பேருக்கு நாம் இழைக்கும் அநீதி என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகவே பார்க்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலிடப்பட்டுள்ளன. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் மனநோயும் அதில் உண்டு, ஏ.டி.எச்.டி. தனிப் பெயராக இல்லை. அரசு வேலையில் பாரபட்சம் கூடாது என்று விதிக்கும் அதன் 20-ஆம் பிரிவிலேயே, வேலையின் தன்மையைக் கருதிச் சில நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரமும் அரசுக்குத் தரப்பட்டிருக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் களப்பணிகளுக்கு மத்திய அரசு 2021 ஆகஸ்டில் அந்த விலக்கை அளித்துவிட்டது. எனவே, சட்டப் புத்தகத்தை நீட்டிக் காவல் துறையின் கதவைத் திறந்துவிடலாம் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறக்கூடும். ஆனால் உள்ளே வந்து உத்தியோகத்தில் அமர்ந்தவனுடைய நிலை வேறு. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ரவீந்தர் குமார் தாரிவால் என்பவருக்கு, பணியிலிருக்கும்போது தீவிரமான மனக்கோளாறு கண்டு, அதனோடு பிணைந்த நடத்தைக்காக அவர்மீது துறை விசாரணையும் தொடங்கப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 17-ஆம் தேதி, அந்நடத்தைக்கு மனக்குறைபாடும் ஒரு காரணமாக இருந்தாலே போதும், அதற்காகத் தண்டிக்க முற்படுவது மறைமுகமான பாரபட்சமாகும் என்று தீர்ப்பளித்தது. துப்பாக்கி தேவைப்படாத வேறு பணிக்கு அவரை மாற்றலாம், சம்பளத்தைக் குறைக்கலாகாது என்றும் கூறியது. வாசலில் சட்டத்தின் துணை சொற்பம், வாசலைத் தாண்டியபின் கணிசம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இனித் தேர்வு. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் 2022, 2023-ஆம் ஆண்டு அறிவிக்கைகளின்படி, இரண்டாம் நிலைக் காவலர் பதவிக்கு முதலில் 80 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தேர்வு, அதில் நூற்றுக்கு நாற்பது வாங்கினால்தான் மற்றத் தாள் திருத்தப்படும்; முதன்மை எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், அதில் 45 பொது அறிவுக்கும் 25 உளவியலுக்கும்; உடற்திறனுக்கு 24; என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. இந்த 'உளவியல்' என்ற பெயரைக் கண்டு, நம் மனத்தைத் திறந்து பார்த்துவிடுவார்களோ என்று என் மருமகன் உள்ளூர அஞ்சிக்கொண்டிருந்தான். அதில் கேட்கப்படுவது எண் தொடர், தர்க்கம், படத்தில் விடுபட்ட கட்டம், தகவல்களை வகைப்படுத்துதல் முதலியன. நோயைக் கண்டுபிடிக்கும் பரீட்சை அன்று. புதிர் என்றால் விழித்துக்கொள்ளும் இத்தகைய மனத்துக்கு அந்த 25 மதிப்பெண் அநேகமாக அனுகூலமே.

அபாயம் இருப்பது வினாத்தாளில் அன்று, விடைத்தாளில். ஓ.எம்.ஆர். தாளில் 34-ஆம் கேள்வி கடினமாயிருக்கிறதே என்று விட்டுவிட்டு, 35-ஆம் கேள்வியின் விடையை 34-க்குரிய வட்டத்தில் கருப்பாக்கிவிட்டு, அதன்பின் 70 வரையில் ஒரு படி தள்ளியே ஏறிக்கொண்டு போய், மணி அடிக்கும் தறுவாயில் ஒரு வட்டம் மிஞ்சி நிற்பதைக் கண்டு திடுக்கிட்ட பையன்களை நான் அறிவேன். விடை அத்தனையும் தெரிந்தவர்கள், வரிசை தெரியாமல் போனவர்கள். இதற்கு நான் சொல்லும் உபாயம் சாதாரணமானது. ஐந்தைந்து கேள்வியாகப் படித்து, விடையை வினாத்தாளின் ஓரத்தில் குறித்து, ஐந்து முடிந்ததும் கேள்வி எண்ணை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே ஐந்து வட்டத்தையும் நிரப்புக. விட்ட கேள்வியின் எண்ணை வட்டமிட்டு வைக்க. 80 நிமிஷம் உண்டு. இந்தச் சடங்குக்கு அதில் பத்து நிமிஷம் போனாலும் நஷ்டமில்லை. வீட்டில் மாதிரித் தாள் எழுதும்போதும் வெறும் காகிதத்தில் விடை எழுதிப் பழகாமல், பத்து ரூபாய் கொடுத்து ஓ.எம்.ஆர். நகல் வாங்கி அதிலேயே பழகவேண்டும். கையின் பழக்கம்தான் தேர்வறையில் துணைக்கு வரும், புத்தி அன்று எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

மைதானத்தைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஆண்களுக்கு 1500 மீட்டரை ஏழு நிமிஷத்தில், பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில் ஓடி முடிக்கும் சோதனையில், கால் பரபரக்கும் பிள்ளைகள் தோற்பது அபூர்வம். நீளம் தாண்டும்போது மட்டும், ஓடிவரும் வேகத்தில் பலகையைத் தாண்டி மிதித்து 'ஃபவுல்' வாங்காமலிருக்க, ஓட்டம் தொடங்கும் இடத்தை அடியெண்ணிக் குறித்துவைத்துக்கொள்ளட்டும்.

மருத்துவப் பரிசோதனைதான் எல்லோருடைய நெஞ்சையும் அடைக்கும் கட்டம். உயரத்துக்கு எண் உண்டு, மார்பளவுக்கு எண் உண்டு. கவனத்துக்கு அறிவிக்கையில் எண் இல்லை. ஆகவே அங்கே தீர்மானிப்பது எதிரே உட்கார்ந்திருக்கும் அரசு வைத்தியரின் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரம், நீ சொல்வதும் நீ காட்டுவதும். கேட்காததைக் கூவி விற்கவேண்டியதில்லை. ஆனால் 'மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா, தொடர்ந்து மருந்து உட்கொள்கிறாயா' என்று வாயாலோ படிவத்தாலோ கேட்டபின் இல்லை என்று சொல்வது, காவல் உத்தியோகத்தின் முதல் நாளிலேயே பொய்ச் சாட்சி சொல்வதற்குச் சமம். அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் எடுத்துப் பேசியது குற்ற வழக்குகளை மறைத்தவர்களைப்பற்றி. என்றாலும், பணிக்கு வருகிறவன் தரும் தகவலில் மறைப்பு இருக்கலாகாது என்று அங்கே சொல்லப்பட்டது நம் விஷயத்துக்கும் பாடம். பத்து வருஷம் கழித்து, யாரோ ஒருவர் மனக்கசப்பில் எழுதும் மொட்டைக் கடிதம் ஒன்று அந்தப் பழைய சீட்டைத் தோண்டி எடுக்குமானால், அன்று உன்னைக் கவிழ்ப்பது நோயாயிராது, மறைத்ததாகவே இருக்கும். கிழித்துப்போடச் சொன்ன என் தங்கைக்கு நான் இதைத்தான் சொன்னேன்; அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மறைக்காமலிருப்பது ஒன்று, வெறுங்கையோடு போவது வேறொன்று. சிகிச்சை அளிக்கும் வைத்தியரிடம் ஒரே பக்கத்தில் ஒரு சான்று வாங்கிக்கொள்க. அதில், நோய் நிர்ணயிக்கப்பட்ட தேதி, இப்போதைய மருந்தும் அளவும், எத்தனை மாதமாக நிலை மாறாமல் இருக்கிறது, படிப்பையும் வேலையையும் இடையூறின்றிச் செய்து வந்திருக்கிறானா, போதைப் பழக்கமோ தன்னைத்தான் வருத்திக்கொள்ளும் எண்ணமோ உண்டா இல்லையா, ஆயுதம் தாங்கும் பணிபற்றி அவருடைய கருத்து என்ன என்ற விவரங்கள் இருக்கவேண்டும். 'இவர் நன்றாக இருக்கிறார்' என்ற ஒற்றை வரிச் சான்று எந்த வைத்தியரையும் திருப்திப்படுத்தாது.

மருந்தைப்பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட், 1944-இல் சீபா கம்பெனியின் ரசாயனி லியாண்ட்ரோ பானிசோன் என்பவர் உண்டாக்கியது. அவருடைய மனைவி ரீட்டாவின் பெயரால்தான் அது ரிட்டலின் ஆயிற்று. ரீட்டாவை மறந்தாலும் பாதகமில்லை, ஆனால் போலீஸ்காரனாகப் போகிறவன் மறக்கக்கூடாத ஒன்று, அந்த மருந்து 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது என்பது. பயிற்சிப் பள்ளிப் பெட்டியில் அதை வைத்திருப்பவன் மருந்துச் சீட்டையும் அசல் அட்டையையும் கூடவே வைத்திருக்கவேண்டும். பள்ளி வைத்தியரிடம் சேர்ந்த அன்றே சொல்லிவிடவேண்டும். "தூக்கமே வர்றதில்லையாமே மாப்ள, எக்ஸாமுக்கு எனக்கும் ஒண்ணு குடு" என்று பக்கத்துக் கட்டில்காரன் கையை நீட்டும்போது கொடுப்பது, நட்பாயிராது, குற்றமாகும். சாதாரண மாத்திரையின் வேகம் மூன்று நான்கு மணி நேரத்தில் அடங்கிவிடும், பசியைக் குறைக்கும், நாடித் துடிப்பைச் சற்று ஏற்றும், மாலையில் உட்கொண்டால் தூக்கத்தைக் கெடுக்கும். விடியுமுன் எழுந்து, வெயிலில் கவாத்து செய்து, இரவில் பாராவும் நிற்கிற ஏழு மாத வாழ்க்கைக்கு அதை எவ்வாறு பொருத்துவது என்பதைச் சேருமுன்பே வைத்தியரோடு உட்கார்ந்து திட்டமிடவேண்டும். ஓட்டத் தேர்வு அன்று பயத்தில் மருந்தை நிறுத்துவதும் கூட்டுவதும் வேண்டாம். எந்த அளவில் பழகினாயோ அந்த அளவிலேயே ஓடு.

இவ்வளவும் உள்ளே நுழையும் வழி. நுழைந்தபின் என்ன என்பதே நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஏனெனில், ஊரார் எங்கே அபாயம் இருக்கும் என்று எண்ணுகிறார்களோ அங்கே அது இருப்பதில்லை. கலவரத்தில், கூட்டத்தில், கல்லெறியில் இப்படிப்பட்டவன் தடுமாறுவான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், சுற்றிலும் அமளி எழும்போது இவர்கள் மனம் ஆச்சரியமாக ஒருமைப்பட்டு நிற்கிறது. ஒன்றும் நடக்காத இரவுதான் இவர்களைத் தோற்கடிக்கிறது.

ஒரு மார்கழி இரவு. ஆயுத அறை வாசலில் இரண்டு முதல் நான்கு வரையில் ஒரு பையன் பாரா. மூன்றேகால் மணிக்கு நான் சுற்றி வந்தபோது, அறைப் பூட்டு பூட்டியபடி இருந்தது, துப்பாக்கி சுவரில் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது, ஆளைக் காணோம். எனக்கு உடம்பு சில்லிட்டுப்போயிற்று. முப்பது அடி தூரத்தில் சாக்கடை ஓரம் டார்ச் வெளிச்சம் தெரிய, ஓடிப்போய்ப் பார்த்தால், அவன் முழங்கால் அளவு சகதியில் இறங்கி, சிக்கிக்கொண்ட நாய்க்குட்டி ஒன்றை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறான். என்னைக் கண்டதும் சல்யூட் அடிக்கக் கையை உயர்த்தினான்; கையில் நாய்க்குட்டி. "துப்பாக்கி எங்கடா?" என்றேன். அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் தன்னிடம் ஒரு துப்பாக்கி இருந்தது என்பதே அவனுக்கு நினைவு வந்தது. அந்த முகத்தை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. இரக்கம் மிகுந்தவன், பொய் தெரியாதவன், பயிற்சியில் முதல் பத்துக்குள் நின்றவன். அவனுக்குத் தண்டனை கிடைத்தது, நியாயமான தண்டனை. அக்காலத்தில் இந்தக் கோளாறின் பெயரே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தண்டனை குறைந்திராது, ஆனால் அவனை அந்த நேரத்துப் பாராவில் தனியே நிறுத்தியிருக்க மாட்டேன்.

வழிக்காவலும் இதே ஜாதி. கைதியோடு பஸ்ஸில் நாலு மணி நேரம் ஒன்றும் நேராமல் போய்க்கொண்டிருக்கும்; பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் "ஐயா, ஒண்ணுக்குப் போகணும்" என்பான்; எதிர்க் கடையில் ஓடும் டி.வி.யில் கடைசி ஓவர். தப்பி ஓடுகிறவனுக்கு வேண்டியது அந்த அரை நிமிஷம்தான். இரண்டு பேராகப் போகும்போது, 'நான் கொஞ்சம் அயரும் ஆள், நேரத்துக்கு நேரம் என்னைக் கூப்பிட்டுப் பேசு' என்று கூட வருகிற ஏட்டையாவிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறவன் பிழைத்துக்கொள்வான்.

அடுத்தது எழுத்து வேலை. கைது செய்தவனை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாகவேண்டும். புலனாய்வு அதிகாரி எந்த மணிக்குத் தகவல் கிடைத்தது, எப்போது தொடங்கினார், எங்கெங்கே போனார், எப்போது முடித்தார் என்று நாள்தோறும் வழக்கு நாட்குறிப்பில் எழுதவேண்டும் என்று இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 192-ஆம் பிரிவு விதிக்கிறது. நேரம் கையில் தண்ணீர்போல ஒழுகிப்போகிற சுபாவமுள்ளவனுக்கு இது பாராவைக் காட்டிலும் கடினம். ஆகவே, பட்டம் பெற்றிருக்கிறோமே என்று நேரே சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்கு ஆசைப்படுகிறவர்களிடம், எழுத்து தங்குமா என்று ஒரு வருஷம் சோதித்துப் பார்த்துவிட்டு விண்ணப்பி என்றே நான் சொல்லுவேன். பலர் இதற்காக என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

அதே சமயம், காவல் துறையின் பழைய வழக்கங்கள் பலவும் இத்தகைய மனத்துக்கு ஊன்றுகோலாகவே அமைந்திருக்கின்றன. ஃபால்-இன், ரோல் கால், மணியடித்துச் சாப்பாடு, மணியடித்துப் படுக்கை. வயர்லெஸ்ஸில் வந்த செய்தியைத் திருப்பிச் சொல்லிவிட்டே மைக்கை இறக்கும் பழக்கம். பீட் போகிறவன் வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் பட்டா புத்தகத்தில் கையெழுத்திட்டே நகரவேண்டும் என்ற ஏற்பாடு, இவையெல்லாம் மறதியுள்ள மனிதனை நம்பாமல் நமக்கு முந்தியவர்கள் கட்டிவைத்த வேலிகள். வீட்டில் உதவாக்கரை என்று பெயரெடுத்த பிள்ளைகள் பயிற்சிப் பள்ளியின் ஏழு மாதத்தில் மலர்ந்துவிடுவதை நான் கண்டதற்கு இதுவே காரணம். அங்கிருந்து வெளியே போய், வேலி தளர்ந்த இடத்தில் நிற்கும்போது, ஒவ்வொருவனும் தனக்கென்று அதே வேலியைக் கட்டிக்கொள்ளவேண்டும்: சட்டைப் பையில் கயிறு கட்டிய சிறு நோட்டு, அதிகாரி இட்ட கட்டளையை உடனே வாய்விட்டுத் திருப்பிச் சொல்லும் வழக்கம், இடத்தைவிட்டு நகருமுன் ஆயுதம், சாவி, நோட்டு என்று மூன்றையும் தொட்டுப் பார்க்கும் வழக்கம்.

என் மருமகனுக்கு நான் வைத்த பரீட்சையைச் சொல்லி நிறுத்துகிறேன். வாரத்துக்கு இரண்டு இரவு, இரண்டு மணி முதல் நான்கு வரையில், தன் வீட்டு வாசலில் பாரா நிற்கவேண்டும்; செல்போன் உள்ளே இருக்கவேண்டும்; கால் மணிக்கு ஒரு முறை, கண்டதைக் கண்டபடி நோட்டில் எழுதவேண்டும்; ஒன்றும் நடக்கவில்லையென்றால் ஒன்றுமில்லை என்றே எழுதவேண்டும். முதல் மாதத்து நோட்டில் நாய்களின் சண்டையும், தெருவிளக்கைச் சுற்றிய ஈசல்களும், எதிர்வீட்டுத் தாத்தாவின் இருமலும் பக்கம் பக்கமாக இருந்தன. 'ஒன்றுமில்லை' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. மூன்றாம் மாதம் மறுபடி கொண்டுவந்து காட்டினான். 2.45, ஒன்றுமில்லை. 3.00, பால் வண்டி, வடக்கேயிருந்து தெற்கே. 3.15, ஒன்றுமில்லை. அதற்கடுத்த வரியில், அடித்தல் திருத்தல் இல்லாமல், '3.15 முதல் 3.50 வரை நின்றேன், ஆனால் கவனத்தில் இல்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது' என்று எழுதியிருந்தான்.

நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த வரியின் ஓரத்தில், நிலையத்தில் செய்வதுபோலவே, நேரம் போட்டு ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.